14 அடி ராடும் 20 கிராம் லூரும்

அன்புள்ள அண்ணா,

கரையில் நின்று தூண்டில் போடுவது பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. வீடு திருவான்மியூரில். போன மாதம் ஒரு கடைக்குப் போய், கடலுக்கு ஏற்றதாகக் கொடுங்கள் என்று கேட்டேன். 14 அடி ராட் (தூண்டில் தடி), 8000 சைஸ் ரீல் (நரம்பு சுற்றும் உருளை), ஒரு பெட்டி நிறைய லூர் (முள் வைத்த செயற்கை இரை) கொடுத்தார்கள். எவ்வளவு தூரம் எறிகிறோமோ அவ்வளவு பெரிய மீன் என்றார் கடைக்காரர். என் லூரோ முதல் அலையைத் தாண்டுவதே பெரும்பாடு. ஒரு மணி நேரத்தில் தோள் விட்டுப்போகிறது. இதுவரை ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. பக்கத்துக் குப்பத்துப் பையன்கள் கையில் வெறும் நரம்பைச் சுற்றி வைத்துக்கொண்டு கிழங்கான் பிடிக்கிறார்கள். நான் ராடை மாற்ற வேண்டுமா? எந்த லூர் வாங்கலாம்? வேறு என்னென்ன சாமான் அவசியம்?

வி., சென்னை

அன்புள்ள வி.,

ராடின் கைப்பிடிக்குச் சற்று மேலே சின்ன எழுத்தில் ஒரு எண் அச்சிட்டிருப்பார்கள். எடுத்துப் பாருங்கள். 14 அடி ராடுகளில் பெரும்பாலும் 100–200 கிராம் என்று இருக்கும். அந்த ராட் எவ்வளவு எடையை எறிவதற்காகச் செய்யப்பட்டது என்பதற்கான கணக்கு அது. உங்கள் பெட்டியில் உள்ள லூர்கள் அநேகமாக 15 முதல் 30 கிராமுக்குள் இருக்கும். எறிவது நம் தோள் அல்ல, ராட்தான். நுனியில் தொங்கும் எடை ராடைப் பின்னால் வளைக்க வேண்டும். வளைந்தது நிமிரும்போதுதான் லூர் பறக்கும். 20 கிராமுக்கு அந்தத் தடி அசைந்தே கொடுக்காது. அசையாத தடியை நீங்கள் தோளால் வீசிக்கொண்டிருக்கிறீர்கள், அதுதான் வலி. உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை.

இந்த தூரப் பைத்தியம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. புதிதாக வருகிற பலரும் இதில்தான் பணத்தையும் ஆர்வத்தையும் இழக்கிறார்கள். அந்தப் பையன்கள் எங்கே போடுகிறார்கள் என்று கவனித்தீர்களா? உங்கள் லூர் விழுகிற இடத்துக்கும் இந்தப் பக்கம்தான் போடுவார்கள்.

கொஞ்சம் மேடான மணலில் நின்று அலையைப் பாருங்கள். வெளியே ஒரு வரிசையில் அலை உடைந்து நுரைக்கும். அங்கே அடியில் மணல் திட்டு இருக்கிறது. அதற்கும் கரைக்கும் நடுவே நுரை அடங்கி, தண்ணீர் சற்றுக் கறுத்துத் தெரியும் பட்டைதான் பள்ளம். அலை மணலைப் புரட்டும்போது கிளம்புகிற புழு, குட்டி நண்டு, இறால் எல்லாம் அதில் வந்து சேரும். கிழங்கான் அங்கேதான் மேயும். சின்ன மீனைத் தேடிப் பாறை மீனும் காலா மீனும் அங்கே வரும். நம் பக்கம் கரை சட்டென்று இறங்குவதால் பல இடங்களில் இந்தப் பள்ளம் கல்லெறி தூரத்தில்தான் இருக்கிறது. திட்டில் எங்காவது அலை உடையாத இடைவெளி தெரிந்தால், கரையேறிய தண்ணீர் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது என்று அர்த்தம். அதன் ஓரத்தில் லூரைப் போடுங்கள். ஆனால் அங்கே தண்ணீரில் இறங்கவே கூடாது. ஆளை உள்ளே இழுத்துப் போகிற இடம் அது.

லூருக்கு 9 அல்லது 10 அடியில், 15–50 கிராம் என்று போட்ட ராட் ஒன்று வாங்குங்கள். 4000 அல்லது 5000 சைஸ் ரீல், 20 முதல் 30 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு (இழைகளைப் பின்னிச் செய்த நரம்பு), 200 மீட்டருக்குக் குறையாமல். பணம் இடித்தால் ராடில் குறைத்துக்கொள்ளுங்கள், ரீலில் வேண்டாம். உப்பும் மணலும் முதலில் தின்பது ரீலைத்தான். வாங்கும்போது காது குடையும் பஞ்சுக்குச்சியை ராடின் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்றிப் பாருங்கள். உள்ளே பீங்கானில் மயிரிழை விரிசல் இருந்தாலும் பஞ்சு இழை சிக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அந்த விரிசல் போதும், பிரெய்டை அறுத்துவிடும்.

14 அடி ராடை விற்றுவிடாதீர்கள். அது ஈயமும் இறால் துண்டும் கட்டிப் போட்டுவிட்டுக் காத்திருப்பதற்கான ராட். பள்ளம் தள்ளி இருக்கிற கரைகளிலும், மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும்போதும் அதன் அருமை தெரியும். மீனவர்கள் தெண்டி, வன்னி என்று சொல்லும் நீரோட்டம் பலமாக இருக்கும் நாட்களில் உருண்டை ஈயம் உருண்டுகொண்டே போகும். கம்பிக் கால் வைத்த ஈயம் மணலைக் கவ்வி நிற்கும். அப்புறம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள். கனமான ஈயத்தை எறியும்போது மெல்லிய பிரெய்டை நேரே கட்டாதீர்கள். முன்னால் கனமான நைலான் நரம்பு வேண்டும். 28 கிராம் ஈயத்துக்கு 10 பவுண்டு என்பது கணக்கு. 150 கிராம் போட்டால் 60 பவுண்டு நரம்பு. ஈயம் நுனியில் தொங்கும்போதும் ரீலில் அந்த நரம்பு ஐந்தாறு சுற்று இருக்க வேண்டும். வீசும் நேரத்தில் நரம்பு அறுந்தால் ஈயம் எந்தத் திசைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. திருவான்மியூர் கரையில் காலையில் எத்தனை பேர் நடக்கிறார்கள்! இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

லூர் கட்டும்போதும் பிரெய்டின் முனையில் 30–40 பவுண்டு லீடர் (பிரெய்டுக்கும் லூருக்கும் நடுவே வரும் தடித்த நரம்பு) ஒன்றரை மீட்டர் இருக்கட்டும். பிரெய்டு இழுவை தாங்கும், உரசல் தாங்காது. பிரெய்டையும் லீடரையும் இணைக்க எஃப்ஜி (FG) என்ற முடிச்சைக் கற்றுக்கொள்ளுங்கள். பிரெய்டை லீடரின் மேல் மாற்றி மாற்றி இருபது சுற்றுச் சுற்றி, எச்சிலால் நனைத்து, நிதானமாக இழுங்கள். பிரெய்டு லீடருக்குள் அழுந்தி அதன் நிறமே சற்று மாறும். அப்போதுதான் முடிச்சு பிடித்திருக்கிறது. வளையங்களில் தட்டாமல் வழுக்கிப் போகும். முதலில் விரல் தடுமாறும். வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பழகுங்கள், கடற்கரைக் காற்றில் வேண்டாம்.

லூர் பெட்டியைப் பொறுத்தவரை, நான் சொல்வது கடைக்காரர்களுக்குப் பிடிக்காது. நாலு போதும். 30 கிராமில் ஒரு மெட்டல் ஜிக், அதாவது மீன் வடிவ உலோகத் துண்டு. 28 கிராமில் வெள்ளி நிறத்தில் ஒரு ஸ்பூன், கரண்டிபோல் வளைந்த தகடு. 12 சென்டிமீட்டரில் மிதக்கும் மின்னோ, சின்ன மீன் வடிவ லூர். 20 கிராம் ஈயத் தலை வைத்த வெள்ளை ரப்பர் மீன். காற்று எதிரே இருந்தால் ஜிக், தண்ணீர் அமைதியாக இருந்தால் மின்னோ, கலங்கியிருந்தால் வாலாட்டும் ரப்பர். நிறத்துக்காக மண்டையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள்: தெளிந்த தண்ணீரில் வெள்ளி, கலங்கலில் வெள்ளை, விடியுமுன் கறுப்பு. கூர்ப்பல் உள்ள சீலா மீனும் வாளை மீனும் சுற்றுகிற நாட்களில் லூருக்கு முன்னால் ஒரு சாண் எஃகுக் கம்பி கட்டுங்கள், இல்லையென்றால் பல்லில் போய்விடும்.

லூரோடு வருகிற மூன்று முள் கொக்கியைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுங்கள். மீன் துள்ளும்போது மற்ற இரண்டு முள்ளும் தேடுவது உங்கள் உள்ளங்கையைத்தான்.

இங்கேதான் கருவிகள் பற்றிய உங்கள் கேள்வி வருகிறது. எல்லோரும் பிளையர் வாங்குகிறார்கள். முள்ளையே வெட்டுகிற பலமான கட்டரை யாரும் வாங்குவதில்லை. கையில் முள் ஏறிவிட்டால், துடிக்கிற மீனை அதிலிருந்து பிரிக்க அந்தக் கட்டர்தான் வழி. மிச்சத்தை மருத்துவர் பார்த்துக்கொள்வார். வாங்கியதும் ஒரு பழைய முள்ளை வெட்டிப் பாருங்கள், அது வெட்டாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிளையர் மூக்கு நீளமானதாக இருக்கட்டும். மீனின் உதட்டைப் பிடிக்கும் கிரிப் ஒன்றும் வேண்டும், முக்கியமாகக் கெளுத்திக்காக. இறால் போட்டால் நம் கரையில் கெளுத்தி வராமல் இருக்காது. முதுகிலும் இரண்டு பக்கமும் நஞ்சுள்ள முள் உண்டு. குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருங்கள், வலி இறங்கும். முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

தலையில் மாட்டும் விளக்கு சிவப்பு வெளிச்சம் உள்ளதாக இருக்கட்டும். ஜனவரி முதல் மார்ச் வரை நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகிற கரை அது. 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். அந்த மாதங்களில் இரவில் தூண்டில் போடவே போகாதீர்கள் என்பேன். போயே ஆகவேண்டுமென்றால் வெள்ளை விளக்கைக் கரையில் அடிக்காதீர்கள். அறுந்த நரம்பில் ஒரு முழம்கூட மணலில் விடாதீர்கள்.

எப்போது போவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சாமானைவிட அது முக்கியம். வெயில் மாதங்களிலும் ஆடி, ஆவணியிலும் விடிகாலையில் பெரும்பாலும் நிலத்திலிருந்து கடல் பக்கம் காற்று அடிக்கும். முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிற அந்தக் காற்றில் 20 கிராம்கூட நன்றாகப் பறக்கும். மதியவாக்கில் கடற்காற்று திரும்பிவிட்டால் அதே லூர் முகத்துக்கு நேரே வந்து விழும். விடிவதற்கு அரை மணி முன்னால் போய் நில்லுங்கள். கரைவலை இழுக்கிறவர்களோ படகு ஏற்றுகிறவர்களோ இருந்தால் தள்ளிப் போய்ப் போடுங்கள், அது அவர்களுடைய பிழைப்பு. வீட்டுக்கு வந்ததும் ரீலின் டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இறுக்கத்தில் வெளியே போகும் என்பதைச் சரிசெய்யும் திருகு) இறுக்கிவிட்டு, பூவாளியில் விடுவதுபோல நல்ல தண்ணீரை மேலாக விட்டு உப்பைக் கழுவுங்கள். குழாயை வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்விடும். காய்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்.