மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வந்த தங்கைக்கு: நாய்க்குக் குளிர்பதன உணவு போடலாமா?

அன்புள்ள தங்கைக்கு,

கணவருக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை கிடைத்ததால் கோயம்புத்தூரிலிருந்து வந்து எங்கள் ஊரில் வீடு எடுத்திருக்கிறீர்கள் என்றும், ஆலைக் குடியிருப்பில் யாரோ விட்டுப்போன நான்கு மாதக் குட்டி ஒன்று உங்கள் வீட்டோடு ஒட்டிக்கொண்டது என்றும் எழுதியிருந்தீர்கள். ஈப்போவின் பேரங்காடியில், இறைச்சிப் பகுதியை அடுத்த குளிர்பெட்டியில், நீண்ட உருளைகளாக விற்கும் நாய் உணவைப் பார்த்ததாகவும், இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் வெட்டிப் போட்டால் வேலை முடிந்தது என்பதால் அதையே தினமும் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நம் ஊர் வழக்கப்படி சோறும் குழம்பும் போடுவதைவிட அது மேலா என்பதும், தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அம்மாவிடம், நாய்க்குப் போட அந்த உருளையைக் கொடுத்துவிட்டுப் போகலாமா என்பதும் மற்ற இரண்டு கேள்விகள்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருமணமாகி இங்கே வந்தவள். பிள்ளைகள் வளர்ந்து வேலை தேடிச் சிலாங்கூருக்குப் போன பிறகும் இந்த ஊரிலேயே இருக்கிறேன். வீட்டில் நாய் இல்லாத காலம் குறைவு. அந்த உணவின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் அதைத் தினசரி முழு உணவாக வைத்துக்கொள்ள நம்முடைய தட்பவெப்பமும் தூரமும் இடம் கொடுப்பதில்லை. ஆகவே உலர் உணவை அடிப்படையாக வைத்து, குளிர்பதன உணவைக் கொஞ்சமாக மேலே சேர்ப்பதே இங்கு நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் கருத்து.

டின் உணவை மூடியபின் 115 பாகை செல்சியஸுக்கும் மேற்பட்ட வெப்பத்தில், அழுத்தத்தில் வேகவைக்கிறார்கள். ஆகவே டின்னைத் திறக்கும் வரை அது அலமாரியில் இருந்தாலும் கெடுவதில்லை. உலர் உணவில் ஈரப்பதம் ஏறக்குறைய 10 விழுக்காடுதான் என்பதால் அதில் கிருமி எளிதில் பெருகாது. குளிர்பதன உருளையோ குறைந்த வெப்பத்தில் வெந்தது. அதன் எடையில் சுமார் 70 விழுக்காடு தண்ணீர். இறைச்சியின் மணமும் மென்மையும் அதில் கெடாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். அதைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டியதற்கும் இதுவே காரணம். 4 பாகைக்கு மேல் போகாமல் வைத்திருந்தால் மட்டுமே உறையில் அச்சிட்ட தேதிக்கு மதிப்பு உண்டு. அதிலும், லிஸ்டீரியா என்னும் நுண்ணுயிர் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே மெல்லப் பெருகக் கூடியது என்பதால், தேதி கடந்ததை முகர்ந்து பார்த்து நன்றாகத்தான் இருக்கிறது என்று போடுவது சரியாகாது.

இப்போது ஈப்போவிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் வழியை எண்ணிப் பாருங்கள். பேரங்காடியில் உருளையை எடுத்துக்கொண்டு, வந்ததோடு வந்தது என்று லிட்டில் இந்தியாவில் பூவும் மளிகையும் வாங்கி, சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதுதான் நம்மவர்களின் ஞாயிற்றுக்கிழமை. வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்த உருளை அதுவரை கிடக்கும். வெளியே 32 பாகை வெப்பம் என்பது பேராக் மாநிலத்தில் சாதாரண மத்தியானம். மூடிய காருக்குள் அது எவ்வளவு ஏறும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எளிதில் கெடும் உணவைச் சாதாரண அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேலும், 32 பாகையைத் தாண்டிய வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் வெளியே வைக்கக் கூடாது என்பது மனிதர் உணவுக்குச் சொல்லப்படும் விதி. நாயின் உணவுக்கும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பேரங்காடியைக் கடைசியாக வைத்துக்கொண்டு, மீன் வாங்கப் போகிறவர்கள் கொண்டுபோகும் ஐஸ் பெட்டி ஒன்றில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

நம் ஊரிலேயே சில சிறு கடைகளில் இத்தகைய உருளைகள் எப்போதாவது வருவதுண்டு. அங்கே வாங்குமுன் குளிர்பெட்டியின் கதவு இறுக மூடுகிறதா என்று பாருங்கள். உறையைக் கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். உறை உப்பியிருந்தாலும், உள்ளே நீர் பிரிந்து தேங்கியிருந்தாலும், மேற்பரப்பு பிசுபிசுத்தாலும், உருகி மறுபடி உறைந்ததன் அடையாளமாக உள்ளே பனித்துகள் படிந்திருந்தாலும் வாங்க வேண்டாம். ரப்பர் விளிம்பு கிழிந்து எப்போதும் ஒரு விரல் அகலம் திறந்தே கிடந்த பெட்டி ஒன்றை ஒரு கடையில் நானே பார்த்திருக்கிறேன். அதில் தயிரும் நாய் உணவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தயிரையும் சேர்த்தே விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, பிரித்த உருளையைப் பெரும்பாலான உறைகள் ஒரு வாரத்துக்குள் முடிக்கச் சொல்கின்றன. கதவுத் தட்டுதான் பெட்டியில் மிகவும் சூடான இடம் என்பதால், உருளையை மூடிய டப்பாவில் கீழ்த்தட்டின் உட்புறம் வைக்க வேண்டும். உறைய வைக்கலாம் என்று உறையில் எழுதியிருந்தால், வாங்கிய அன்றே துண்டுபோட்டு, ஒருநாள் அளவாகப் பிரித்து ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். முதல்நாள் இரவு ஒரு பொட்டலத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்ப்பகுதியில் இறக்கி வைத்தால் காலைக்குள் இளகிவிடும். இளகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. உறைபனி கிருமியைத் தூங்க வைக்குமே தவிரக் கொல்லாது. மாலையில் இடிமழை வந்து மின்சாரம் போகும் நாட்களுக்கும் ஒரு கணக்கு உண்டு: கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்ப்பகுதி சுமார் 4 மணி நேரம் குளிரைக் காக்கும்; நிறைந்த ஃபிரீசர் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும்.

விலையைவிட அளவில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பத்துக் கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 கலோரி வேண்டியிருக்கும். உலர் உணவு 100 கிராமுக்கு சுமார் 350 கலோரி தருவதால், ஏறத்தாழ 170 கிராம் போதும். குளிர்பதன உணவில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதால் 100 கிராமில் 120 கலோரி அளவுக்குத்தான் இருக்கும். அப்படியானால் அதே நாய்க்கு அரைக் கிலோ போட வேண்டும். வளரும் குட்டிக்கு அதன் எடைக்கு இதைவிடக் கூடுதலாகவே தேவைப்படும். பிராண்டுக்குப் பிராண்டு இந்த எண் மாறும். உறையிலுள்ள அட்டவணையைப் பார்த்துத்தான் அளக்க வேண்டும். உலர் உணவை அளந்த அதே கிண்ணத்தால் இதையும் அளந்து போட்டால் நாய்க்கு வயிறு நிறையாது. அரை வயிற்று நாய் தோட்டத்துக்குள் இரை தேடிப் போகும் என்பது நம் ஊரில் சாதாரணமாக விட்டுவிடக் கூடிய விஷயமன்று. செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்தக் கூட்டுப் பெட்டி வைத்து ஆந்தை வளர்ப்பதும் உண்டு, மரத்தடிகளில் எலி மருந்துக் கட்டி வைப்பதும் உண்டு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் அந்த மருந்தைத் தின்ற நாய் உடனே வாடாது. சில நாள் கழித்துத்தான் சோர்ந்து, ஈறு வெளுத்து, மூக்கில் இரத்தம் வடியத் தொடங்கும். தின்றது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திராமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

உறையில் படிக்க வேண்டியவை சில. இது முழுமையான, சமச்சீரான உணவு என்ற வாசகம் இருக்க வேண்டும். துணை உணவு என்றிருந்தால் அதை மட்டும் போட்டு வளர்க்க முடியாது. உங்களுடையது குட்டி என்பதால், வளரும் பருவத்துக்கு அல்லது எல்லா வயதுக்கும் ஏற்றது என்று குறிப்பிட்டிருப்பதைத்தான் எடுக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்துப் போதாத வெறும் இறைச்சியில் வளரும் குட்டிக்கு எலும்பு வலுவிழந்து கால் வளையும். பாதுகாப்புப் பொருளாக 220 முதல் 228 வரையிலான எண்கள் போட்டிருந்தால் அவை சல்பைட் வகை. அவை தயமின் என்னும் உயிர்ச்சத்தை அழிப்பவை. இறைச்சி உருளைகள் நெடுங்காலமாகப் புழங்கும் ஆஸ்திரேலியாவில் சல்பைட் சேர்த்த இறைச்சியால் நாய்களும் பூனைகளும் நரம்பு பாதித்து நோயுற்றதுண்டு. அத்தகையவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இவற்றில் பரவலாகச் சேர்க்கப்படுகின்றன. உங்கள் மாமியார் வந்து தங்கும் வீட்டில், மாவு வைக்கும் அதே பெட்டியில் மாட்டிறைச்சி உருளை இருக்கலாமா என்பதை முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். கோழியிலும் ஆட்டிறைச்சியிலும் செய்த உருளைகள் உண்டு. ஆலையில் மலாய்க்கார நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளும் பொதுப் பெட்டியில் இதை ஒருபோதும் வைக்கக் கூடாது. இங்குள்ள முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி வழக்கில் நாயின் எச்சில் பட்ட பொருளை ஒருமுறை மண் கலந்த நீரோடு ஏழு முறை கழுவ வேண்டும். ஆகவே நாயின் கிண்ணத்தைப் பொதுக் குழாயடியில் கழுவாமல் இருப்பதும், பேரங்காடியில் பணம் கட்டும்போது உருளையைத் தனிப் பையில் கட்டி வைப்பதும் இந்த நாட்டில் யாரும் சொல்லித் தராமலே எதிர்பார்க்கப்படும் மரியாதைகள். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், முகத்தைத்தான் திருப்பிக்கொள்வார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அதன் காரணம் புரியச் சில மாதங்கள் ஆகின்றன.

நடைமுறைக்கு வருகிறேன். நீங்கள் காலையில் போய் மாலையில் வருகிறவர்கள். பகலில் கிண்ணத்தில் இருப்பது உலர் உணவாக மட்டுமே இருக்கட்டும். கிண்ணத்தைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே வையுங்கள். இல்லையென்றால் நாய்க்கு முன் எறும்பு சாப்பிடும். மாலையில் வீட்டிலிருக்கும்போது உருளையில் இரண்டு விரல் கனத்துக்கு ஒரு துண்டை வெட்டி, உதிர்த்து, உலர் உணவோடு பிசைந்து போடலாம். அதன் கலோரிக்கு ஏற்ப உலர் உணவைக் குறைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிட வேண்டும். மிச்சம் கிடந்தால் எலி வரும். எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நாயையும் தாக்கும், மனிதரையும் தாக்கும். குட்டிக்குத் தடுப்பூசி போடும்போது இந்நோய்க்கும் சேர்த்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். புதிய உணவை ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். வயிறு சற்று இளகினால் பயமில்லை. வாந்தியோடு இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கும் வந்தால் அது உணவு மாறியதால் வந்தது என்று காத்திருக்காதீர்கள், பார்வோ என்னும் தொற்று குட்டிகளை இரண்டே நாளில் கொண்டுபோய்விடும்.

உலர் உணவுக்கும் இங்கே ஒரு பகை உண்டு, அது ஈரக்காற்று. பெரிய சாக்கு மலிவு என்று வாங்கித் திறந்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சையின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். சிறிய பையாக வாங்கி, பையோடு டின்னுக்குள் போட்டு இறுக மூடி வையுங்கள்.

சோறும் குழம்பும் பற்றிக் கேட்டீர்கள். சோற்றில் குற்றமில்லை, குழம்பில்தான் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வெந்துவிட்டால் அந்தத் தன்மை போய்விடுவதில்லை. நம் வீட்டுச் சாம்பாரிலும் கோழிக் குழம்பிலும் அவை இரண்டும் இல்லாமல் இருப்பதில்லை. வெந்த கோழி எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். நாய்க்கென்று சமைக்க விரும்பினால், பசாரில் வாங்கிய கோழியைத் தோலும் எலும்பும் நீக்கி, பரங்கிக்காயோடு, உப்பும் மிளகாயும் இல்லாமல் வேகவைத்து, நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் கொடுங்கள். அந்த அளவுக்குள் இருந்தால் அது குளிர்பதன உருளைக்குச் சமமாகவே உதவும், செலவும் குறைவு. உங்கள் ஃபிரீசரில் இடமிருந்தால் நான் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

தீபாவளிக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அம்மாவிடம் உருளையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டாம். பண்டிகை நேரத்தில் அவர் பெட்டியில் பலகாரத்துக்கும் இறைச்சிக்குமே இடம் போதாது. உருளை வெளியே இருந்துவிடும். உலர் உணவை நாளுக்கொரு பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள். அவர் பாசத்தில் எலும்பும் குழம்புச் சோறும் கட்டாயம் போடுவார் என்பதால், வெங்காயம், எலும்பு, திராட்சை, சாக்லேட் ஆகியவை ஆகாது என்பதை அவரிடம் மட்டுமின்றி அவர் பேரப்பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களே பாட்டியைக் காவல் காப்பார்கள். உங்களுக்குத் தெரிந்த கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் அந்தப் பொட்டலங்களோடு எழுதி வையுங்கள்.