பக்கத்து வீட்டு அலறலும் "அவங்க அப்படித்தான்" என்ற பதிலும்

தம்பி, நீங்கள் கேட்டது இது: கலிபோர்னியாவின் சான் ஹோசேவுக்கு வந்து மூன்று மாதம். பக்கத்து அபார்ட்மெண்டில் மெக்சிகோ குடும்பம். ராத்திரியில் அலறல், சாமான் உடையும் சத்தம். "லத்தீனோ ஆம்பளைங்க அப்படித்தான், கண்டுக்காதே" என்கிறார்கள் ஆபீஸில். போலீஸைக் கூப்பிடலாமா?

கூப்பிடுங்கள். நீங்களே போய்க் கதவைத் தட்டாதீர்கள். அவசர உதவி எண் 911ல் முகவரி, அபார்ட்மெண்ட் எண், காதில் விழுந்தது என்ன, குழந்தைகள் உண்டா என்பதைச் சொன்னால் போதும். பெயர் சொல்லியாக வேண்டும் என்றில்லை. ஸ்பானிஷ் தெரிந்தவர் தேவை என்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். காரியம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்: ஆங்கிலம் பேசுகிற கணவரே மனைவிக்கும் சேர்த்துப் பேசிவிடுவார், இல்லாவிட்டால் எட்டு வயதுப் பிள்ளை மொழிபெயர்க்கும்.

இனி அந்த "அப்படித்தான்". அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2010 கணக்கெடுப்பில், துணைவரால் வாழ்நாளில் பாலியல் பலாத்காரமோ அடியோ பின்தொடரும் தொல்லையோ அனுபவித்ததாகச் சொன்னவர்கள் ஹிஸ்பானிய (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்த) பெண்களில் 37.1 சதவீதம், வெள்ளையரில் 34.6. இந்த இடைவெளியை வைத்துக்கொண்டு ஓர் இனத்தையே முத்திரை குத்த முடியாது.

மச்சிஸ்மோ, அதாவது ஆம்பளைத் திமிர், என்ற சொல் பலருக்கும் தெரியும். அதே ஆண்களிடம் 'கபாயெரிஸ்மோ' என்றொரு மதிப்பும் உண்டு: குடும்பத்தைத் தாங்குவது, மரியாதையாக நடப்பது, பிள்ளைகளோடு ஒட்டுதலாக இருப்பது. ஆளைத் திருத்த முனைகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் கயிறு இதுதான். "அவ எனக்கு மரியாதை தரலை" என்று ஒருவர் சொன்னால், "உங்க அப்பா அடிச்சப்போ உங்களுக்கு வந்தது மரியாதையா, பயமா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஆனால் இதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. "நான்தானே காப்பாத்துறேன்" என்பது எளிதில் "நான் சொன்னபடி இரு" ஆகிவிடும்.

கலிபோர்னியாவில் வீட்டு வன்முறைக் குற்றத்துக்கு நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்படுபவர் பொதுவாக 52 வார வகுப்புக்குப் போயாக வேண்டும்: வாரம் இரண்டு மணி நேரம், 18 மாதத்துக்குள் முடிக்க வேண்டும், தகுந்த காரணத்தோடு மூன்று வகுப்புக்கு மேல் தவறக்கூடாது. தம்பதியாக உட்கார்த்திப் பேசுவதற்கு அதில் இடமில்லை. அவர் எதிரில் அவள் உண்மையைச் சொன்னால் அன்று ராத்திரி வீட்டில் என்ன நடக்கும்? அந்த வகுப்பிலும் ஆங்கிலப் பாடத்தை அப்படியே ஸ்பானிஷுக்கு மாற்றி வாசித்தால் ஆட்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்குவார்கள்.

அந்த அம்மா வாய் திறக்காததற்குக் காரணம் கலாச்சாரம் மட்டுமல்ல. குடியுரிமை இல்லாத கணவர் தண்டிக்கப்பட்டால் நாடு கடத்தப்படலாம். அத்தோடு வீட்டு வாடகையும் போயிற்று. இந்த மாநிலத்தின் உள்ளூர் போலீஸ் குடியேற்ற நிலையை விசாரிக்கக்கூடாது என்று 2018 முதல் சட்டம் இருக்கிறது, ஆனால் பயத்துக்குச் சட்டம் தெரியாதே. குற்ற விசாரணைக்கு உதவும் பாதிக்கப்பட்டவர் யு விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்குத்தான் என்பதால் காத்திருப்பு பல வருடம்.

வீட்டு வன்முறைக்கான தேசிய உதவி எண் 1-800-799-7233, 24 மணி நேரமும் ஸ்பானிஷில் பேசுவார்கள். எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கதவிடுக்கில் செருகாதீர்கள், அது யார் கையில் கிடைக்கும் என்று தெரியாது. துணி துவைக்கும் அறையில் அந்த அம்மாவைத் தனியாகப் பார்த்தால் சொல்லுங்கள்.