பெருக்குமாறு

கேள்வி: ஜப்பான், கொரியா, ஐரோப்பா என்று எங்கேயும் மக்கள்தொகைப் பெருக்கம் நின்றுவிட்டதாமே! பெண்கள் படித்ததால் வந்த வினையா? பெருக்கச் சொல்லி அரசே சட்டம் போட்டால் என்ன? (கோவில்பட்டி வாசகர்)

பதில்: ‘பெருக்க’ என்று எழுதிவிட்டீர்கள், இனி நான் சும்மா இருக்க முடியாது. வீட்டைப் பெருக்குவதற்கும் குலத்தைப் பெருக்குவதற்கும் தமிழில் ஒரே சொல். இரண்டும் ஒரே ஆள் தலையில் விடிவதால் இருக்கலாம். ஜப்பானில் நிமிடக் கணக்கே எடுத்திருக்கிறார்கள். சம்பளமில்லாத வேலைக்கு ஒரு நாளில் பெண் 224 நிமிடம், ஆண் 41. (எங்கள் வீட்டில் 41 நிமிடம் செய்தால் எனக்கு மாலை போடுவார்கள்.)

சட்டமா? ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்கு 1966-இல் போட்டார்: கருக்கலைப்புக்குத் தடை. நாட்டைப் பெருக்குமாறு உத்தரவு! மறு வருடமே பிறப்பு 2 லட்சத்து 74 ஆயிரத்திலிருந்து 5 லட்சத்து 28 ஆயிரத்துக்கு எகிறியது. பிறகு பெண்கள் மறைவழி தேடினார்கள், எண்ணிக்கை இறங்கியது. திருட்டுக் கருக்கலைப்பில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்த கையோடு ரத்தானவற்றில் இந்த உத்தரவும் ஒன்று.

அதே 1966-இல் ஜப்பானில் ஒரு சட்டமும் இல்லை. பிறப்பு கால்வாசி சரிந்தது. காரணம் ஒரு குதிரை. நம்மைப் போல அவர்களுக்கும் 60 வருடச் சுற்று. அதில் ‘நெருப்புக் குதிரை’ வருடத்துப் பெண் புருஷனை விழுங்குவாளாம். ‘பெண் மூலம் நிர்மூலம்’ என்கிற நம் உளறலுக்கு ஒன்றுவிட்ட அக்கா. 1906-இல் இதே குதிரை வந்தபோது மகளின் பிறந்த தேதியை மாற்றிப் பதிந்து சமாளித்தவர்கள் உண்டு. 1966-இல் பெறுவதையே தள்ளிப்போட்டார்கள்.

அப்படிப் பயந்த வருடத்திலும் 13 லட்சத்து 60 ஆயிரம் குழந்தைகள். எந்தக் குதிரையும் இல்லாத 2024-இல் 6 லட்சத்து 86 ஆயிரம்தான்! படிப்புதான் காரணம் என்கிறீர்கள். 224-இலிருந்து 41-ஐக் கழிக்கத் தெரிகிற அளவுக்குப் படித்துவிட்டார்கள், அதுவரை ஒப்புக்கொள்கிறேன்.

2026 மறுபடி நெருப்புக் குதிரை. நம் ராசிபலன் பக்க ஜோசியரிடம் சொன்னேன். ஜோசியம் பலிக்குமா என்று எங்களுக்குள் நடக்கும் வழக்கு 11 வருடப் பழசு. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, “பரிகாரம் உண்டான்னு விசாரிச்சீங்களா சார்?” என்றார். போன மாதம் கன்னிக்கும் துலாமுக்கும் பலன் இடம்மாறி அச்சாகிவிட்டது. ஒரு பிராது வரவில்லை. ‘அப்படியே பலித்தது’ என்று துலாம்காரர் ஒருவர் எழுதிய கார்டு மட்டும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. ஜோசியர் ரிட்டையர் ஆகும் அன்று ஃப்ரேம் போட்டுக் கொடுக்க வைத்திருக்கிறேன்.