63 யூரோவில் மாதம் முழுக்க: ஜெர்மனி டி-டிக்கெட் பற்றி நம்மவர்கள் கேட்டவை

டார்ட்மண்டுக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. இன்றுவரை கார் வாங்கவில்லை. 2022 கோடையில் மூன்று மாதம் 9 யூரோ டிக்கெட் ஓடியபோது தொடங்கிய பழக்கம், 2023 மே முதல் தேதி டாய்ச்லாண்ட் டிக்கெட் வந்த பிறகு முற்றிவிட்டது. சுருக்கமாக டி-டிக்கெட்; மாதாமாதம் சந்தா கட்டி, நாடு முழுக்க நகரப் பேருந்திலும் வட்டார ரயிலிலும் போகிற டிக்கெட். அதனால்தானோ என்னவோ, புதிதாக வருகிறவர்கள் என்னிடமே கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளை ஒரே இடத்தில் வைத்துவிடுகிறேன்.

அக்கா, ஆகனில் முதுகலை படிக்க வருகிறேன். வந்து இறங்கியதும் இந்த டிக்கெட்டை எடுத்துவிடட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. முதலில் செமஸ்டர் கட்டணத்தில் டிக்கெட் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அது மாணவர்களுக்கான டி-டிக்கெட்தான். வழக்கமான விலையில் 60 விழுக்காடு, அதாவது இப்போதைய கணக்கில் மாதம் 37.80 யூரோ. அது கையில் இருக்கும்போது 63 கொடுத்து இன்னொன்று எடுப்பது வீண். வருடா வருடம் யாராவது இரண்டுக்கும் சேர்த்துக் கட்டிவிட்டு வந்து புலம்புகிறார்கள்.

இன்னொன்று, டிக்கெட் ஒன்றாம் தேதி தொடங்கி மாதக் கடைசியில் முடிகிறது. எடுத்த நாளிலிருந்து முப்பது நாள் என்ற கணக்கே கிடையாது. 27-ம் தேதி வந்து இறங்கினால் மீதி நாட்களை ஒற்றை டிக்கெட்டில் ஓட்டிவிடுங்கள்.

எதில் எல்லாம் ஏறலாம்?

நகரப் பேருந்து, டிராம், ஊ-பான் என்கிற மெட்ரோ, எஸ்-பான் என்கிற புறநகர் ரயில், அப்புறம் ஆர்.பி., ஆர்.இ. என்று தொடங்கும் வட்டார ரயில்கள். நாடு முழுக்க, இரண்டாம் வகுப்பில். ஐ.சி.இ., ஐ.சி., ஈ.சி. என்கிற தொலைதூர விரைவு ரயில்கள் மூன்றிலும் ஏறக் கூடாது. தனியார் நிறுவனத்தின் ஃபிளிக்ஸ் பஸ், ஃபிளிக்ஸ் ட்ரெய்னும் கிடையாது. நடைமேடைப் பலகையில் ரயில் எண்ணுக்கு முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று மட்டும் பாருங்கள், போதும்.

ஃபிராங்க்ஃபுர்ட்டில் இருந்து கொலோனுக்கு இதிலேயே போய்விடலாமா?

போகலாம். ஐ.சி.இ.யில் ஒன்றேகால் மணி நேரம் பிடிப்பது இதில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். காசுக்குப் பதிலாக நேரத்தைக் கொடுக்கிறோம், அதுதான் இந்த டிக்கெட்டின் கணக்கு. ஆனால் அந்த வழியில் எனக்குக் குறையே இல்லை. ஐ.சி.இ. குகை குகையாகப் புகுந்து ஓடிவிடும். வட்டார ரயிலோ ரைன் ஆற்றை ஒட்டியே, கோப்லென்ஸ் வழியாகப் போகும். ஒரு பக்கம் திராட்சைத் தோட்டம் ஏறிய மலை, மறுபக்கம் சரக்குப் படகு, நடுநடுவே கோட்டை. ஆற்றுப் பக்கம் சன்னல் பிடித்து, புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டால் மூன்று மணி நேரம் போவதே தெரியாது. அவசர வேலை என்றால் வேண்டாம். பெர்லினிலிருந்து மியூனிக் போக யாராவது கேட்டால், ஐ.சி.இ.க்கு முன்கூட்டியே சலுகை டிக்கெட் எடுங்கள் என்றுதான் சொல்வேன்.

என் ஆர்.இ. ரத்தாகிவிட்டது. அடுத்து வந்த ஐ.சி.இ.யில் ஏறினால் விடுவார்களா?

மாட்டார்கள். சாதாரண டிக்கெட்காரர்களுக்கு உள்ள அந்த உரிமை டி-டிக்கெட்டுக்கு இல்லை, இது மலிவு விலை டிக்கெட் என்று விதியிலேயே விலக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் 1.50 யூரோ இழப்பீடு உண்டு. ஆனால் தொகை 4 யூரோவைத் தொட்டால்தான் கைக்கு வரும், ஆக மூன்று தாமதங்களைச் சேர்த்துவைத்து விண்ணப்பிக்க வேண்டும். சிரிக்காதீர்கள், நான் வாங்கியிருக்கிறேன்.

மொபைலில் சார்ஜ் போய்விட்டால் என்ன செய்வது?

இது என் சொந்தக் கதை. ஒரு நவம்பர் மாலை, வேலை முடிந்து வரும்போது பரிசோதகர் வந்தார். கருவியை நீட்டினார். என் மொபைல் ஒரு தடவை மினுக்கிவிட்டு அணைந்தது. டிக்கெட் இருக்கிறது, திறக்கத்தான் முடியவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை, அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, இடுப்பில் கட்டியிருந்த குட்டி இயந்திரத்தில் தட்டினார். மளிகைக் கடை ரசீது போல நீளமாக ஒரு சீட்டு வந்தது. கீழே 60 யூரோ அபராதம். எதிரே உட்கார்ந்திருந்த பாட்டி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குத் தனியாக ஒரு 60 கொடுத்திருக்கலாம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. டிக்கெட் உங்கள் பெயரில், அன்றைக்குச் செல்லுபடியாக இருந்திருந்தால், ஒரு வாரத்துக்குள் அந்த ரயில் நிறுவனத்திடம் காட்டினால் போதும். என்னிடம் அந்த 60-ஐத் தள்ளுபடி செய்துவிட்டு 7 யூரோ செயல்முறைக் கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். சீட்டைத் தொலைக்காதீர்கள், பயந்துபோய் அந்த இடத்திலேயே 60-ஐக் கட்டிவிடவும் வேண்டாம். டிக்கெட்டே இல்லாமல் ஏறுவது வேறு விஷயம், அது இங்கே குற்றவியல் சட்டத்தில் வருகிறது. விசாவில் இருப்பவர்கள் விளையாட்டாகக்கூடச் செய்து பார்க்க வேண்டாம்.

அன்றிலிருந்து பையில் பவர் பேங்க் இருக்கிறது. பாஸ்போர்ட்டோ தங்கும் அனுமதி அட்டையோ கூடவே இருக்கட்டும், டிக்கெட்டில் உள்ள பெயரை அதோடு ஒப்பிடுவார்கள்.

இந்தியாவுக்கு ஆறு வாரம் போகிறேன். ஆப்பை நீக்கிவிட்டேன், அப்படியும் பணம் எடுத்துவிட்டார்களே?

ஆப்பை நீக்கினால் சந்தா நீங்காது. முறையாக ரத்து செய்ய வேண்டும். மாதம் 10-ம் தேதிக்குள் செய்தால் அந்த மாதக் கடைசியோடு முடியும், 11-ம் தேதி செய்தால் அடுத்த மாதமும் உங்கள் தலையில்தான். மொபைலில் 8-ம் தேதிக்கு ஒரு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள்தான் அலுவலகம். எனக்குக் கட்டுப்படியாகுமா?

உங்கள் ஊர்ப் பேருந்தில் ஒரு முறைக்கு மூன்றரை யூரோ என்று வைத்துக்கொள்வோம். 18 முறை ஏறினால் 63. ஒன்பது நாள் போய் வந்தால் சரிக்குச் சரி. அலுவலகம் எட்டு நாள், ஒரு சனிக்கிழமை தமிழ்க் கடை, அவ்வளவுதான், கணக்கு தேறிவிட்டது. அலுவலகத்தில் ஜாப் டிக்கெட், அதாவது நிறுவனம் ஒரு பங்கு போட்டுத் தரும் டி-டிக்கெட், உண்டா என்று கேளுங்கள். நிறுவனம் குறைந்தது கால்பங்கு கொடுத்தால் மேலும் 5 விழுக்காடு தள்ளுபடி உண்டு, உங்கள் கையிலிருந்து போவது அதிகபட்சம் 44.10.

ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். என் டிக்கெட்டில் கூட்டிப் போகலாமா?

முடியாது. ஒரு ஆளுக்கு ஒரு டிக்கெட். ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு மட்டும் இலவசம். சுற்றுலா விசாவில் வந்தவர்களும் டி-டிக்கெட் வாங்கலாம், தடை இல்லை. ஆனால் இரண்டு மூன்று நாள்தான் சுற்றுவார்கள் என்றால் ஒரு மாநிலத்துக்குள் ஒரு நாள் செல்லும் மாநில டிக்கெட்டைப் பாருங்கள். மியூனிக்கில் இருப்பவர்களுக்கு பவேரியா மாநிலத்தின் பயர்ன் டிக்கெட், ஐந்து பேர்வரை ஒரே டிக்கெட்டில் நாள் முழுக்கப் போகலாம். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான்.

எல்லை தாண்டுமா?

சில இடங்களில். மியூனிக்கிலிருந்து ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நிலையம்வரை செல்லும். சுவிட்சர்லாந்தின் பாசலில் பாடிஷர் நிலையத்தோடு சரி. எனக்குப் பிடித்தது லக்சம்பர்க். எல்லைக்குப் பக்கத்தில் உள்ள டிரியரில் ஏறுங்கள், எல்லைவரை டி-டிக்கெட், அதற்கு அப்பால் 2020 முதல் அந்த நாட்டில் பொதுப் போக்குவரத்தே இலவசம்.

49 இருந்தது 63 ஆகிவிட்டதே. இன்னும் ஏறுமா?

2025 ஜனவரியில் 58, 2026 ஜனவரியில் 63. ஒன்றிய அரசும் மாநிலங்களும் வருடத்துக்கு ஆளுக்கு 150 கோடி யூரோ போட்டும் பற்றவில்லை, சம்பளமும் மின்சாரமும் ஏறுகின்றன. 2027 முதல் இந்தச் செலவுகளைப் பார்த்து விலை வைப்பதாக முடிவு. ஏறும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இரண்டு யூரோ ஏறினால் எனக்கு வருத்தமில்லை, ஞாயிறு இரவு கடைசிப் பேருந்தை நிறுத்தினால்தான் வருத்தம். பேருந்து வராத ஊரில் டிக்கெட்டை வைத்து என்ன செய்வது?

ஹாம் காமாட்சி அம்மன் கோயிலுக்கு இதில் போக முடியுமா?

ஹாம் நிலையம்வரை ஆர்.இ., டார்ட்மண்டிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து ஊன்ட்ராப் பக்கம் போகும் நகரப் பேருந்து, அதுவும் இதிலேயே அடக்கம். தேர்த்திருவிழா நாளில் பேருந்துக்குள் பட்டுச்சேலையும் மல்லிகை வாசமுமாக இருக்கும், எங்கே இறங்குவது என்று யாரையும் கேட்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் மட்டும், திரும்பி வரும் பேருந்தின் நேரத்தைப் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.