சன்க்ளோவும் இல்லை, கோஸ்ட்டும் இல்லை: இந்த ஜோடியிலிருந்து ஸ்னோ வருமா?

கேள்வி: என்னிடம் இரண்டு கார்ன் பாம்புகள் (வீட்டில் வளர்க்கும் விஷமில்லாத பாம்பு) இருக்கின்றன. பெண்ணுக்கு இரண்டரை வயது, 260 கிராம், ஆரஞ்சு நிறம், சிவப்புக் கண். சன்க்ளோ என்ற நிறவகை என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆணுக்கு நான்கு வயது, சாம்பல் நிறம், கழுத்தோரம் கொஞ்சம் மஞ்சள். அது கோஸ்ட்டாம். இரண்டும் இப்போது ஒரே கூண்டில்தான் இருக்கின்றன. சேர்த்தால் பாதிக் குட்டிகளாவது ஸ்னோவாக, அதாவது வெள்ளை நிறத்தில், வருமா? படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: படங்களைப் பார்த்தேன். முதலில் ஆணைத் தூக்கி வேறு கூண்டில் விட்டுவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பெண்ணிலிருந்து ஆரம்பிப்போம். சாதாரண நிறமுள்ள கார்ன் பாம்பின் முதுகில் சிவப்புத் திட்டுகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொரு திட்டைச் சுற்றியும் கறுப்பு ஓரம் இருக்கும். கறுப்பு நிறமி உண்டாகாத பாம்புக்கு அமெலனிஸ்டிக் என்று பெயர், வளர்ப்பவர்கள் சுருக்கமாக அமெல் என்பார்கள். அதில் கறுப்பு ஓரம் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகிவிடும், கண்மணி சிவப்பாகிவிடும். சன்க்ளோ என்பதும் அமெல்தான், ஆனால் அந்த வெள்ளை ஓரமே இல்லாதபடி தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிச் சேர்த்து வளர்த்தது, சில பரம்பரைகளில் கறுப்பைக் குறைக்கும் ஹைப்போ என்ற மரபணுவும் கூடச் சேர்ந்திருக்கும். உங்கள் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், நடு உடம்பில் ஒவ்வொரு திட்டைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு இழுத்த மாதிரி வெள்ளை ஓரம் சுத்தமாகத் தெரிகிறது. ஆக இது சன்க்ளோ இல்லை, நல்ல அழகான சாதாரண அமெல். கொடுத்தவர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன், பளிச்சென்ற ஆரஞ்சு அமெல் எல்லாவற்றையும் சன்க்ளோ என்று அழைக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. (சன்கிஸ்ட் என்று இன்னொரு பெயரும் உண்டு, அது முற்றிலும் வேறு மரபணு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சன்கிஸ்ட் பரம்பரைகளில் ஸ்டார்கேஸர் என்ற நரம்புக் கோளாறு கூடவே வந்திருப்பதால் அதை வாங்கும்போது நிறையக் கேள்வி கேட்க வேண்டும்.)

ஒரே ஒரு சந்தேகம்தான் மிச்சம். அல்ட்ராமெல் என்றொன்று இருக்கிறது, அமெல் மரபணுவில் ஒரு பிரதியும் அதே இடத்தில் உட்காரும் அல்ட்ரா என்ற மரபணுவில் ஒரு பிரதியும் சேர்ந்தது. அதன் கண் அடர்ந்த மாதுளை நிறத்தில் இருக்கும், திட்டுகளின் ஓரத்தில் மங்கிய சாம்பலோ பழுப்போ தங்கியிருக்கும். உங்கள் பாம்பின் கண் படத்தில் வெளிர்ச் சிவப்பாகத்தான் தெரிகிறது, ஓரத்திலும் சாம்பல் இல்லை. அமெல் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆண் விஷயத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் நீங்கள் மஞ்சள் விளக்கின் கீழ் படம் எடுத்திருக்கிறீர்கள், போதாக்குறைக்குப் பாம்பு சட்டை உரிக்கப் போகிற நேரம், கண் பால்படிந்து நிற்கிறது. அந்தச் சமயத்தில் எந்தப் பாம்பும் புகை மூடின மாதிரி வெளிறித்தான் தெரியும். கோஸ்ட் என்று ஒருவர் நினைக்க அதுவே போதும். சட்டை உரித்து இரண்டு மூன்று நாள் கழித்து, பகல் வெளிச்சம் வரும் ஜன்னலோரம் ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன் மேல் விட்டு, ஃப்ளாஷ் இல்லாமல் எடுங்கள். பக்கத்தில் வெள்ளைத் தாள் இருந்தால் போன் தானாக நிறத்தை மாற்றினாலும் நமக்குத் தெரிந்துவிடும். வயிற்றைக் காட்ட அதைத் திருப்பிப் பிடித்துக் கஷ்டப்படுத்த வேண்டாம், கண்ணாடிச் சுவரில் தானாக ஏறும்போது வெளியிலிருந்து எடுத்தால் போதும்.

இருக்கிற படத்தை வைத்துச் சொன்னால், திட்டுகளின் ஓரம் கறுப்பாகவே இருக்கிறது, வால் பக்கம் தெரியும் வயிற்றிலும் சதுரங்கக் கட்டம் நல்ல கறுப்பு. கோஸ்ட் என்றால் சிவப்பு இல்லாத அனெரித்ரிஸ்டிக், சுருக்கமாக அனெரி, அதன் மேல் கறுப்பைக் குறைக்கும் ஹைப்போவும் சேர்ந்தது. அப்போது ஓரங்கள் மெலிந்து பழுப்பாகியிருக்கும், உடம்பே நீர் கலந்த மாதிரி இருக்கும். உங்களுடையது வெறும் அனெரி. கழுத்து மஞ்சளும் அதையே சொல்கிறது. அனெரி வளர வளரத் தாடையோரமும் கழுத்திலும் அந்த மஞ்சள் ஏறும். இதே மாதிரி சாம்பலாக இருக்கும் சார்கோல் என்ற இன்னொரு நிறவகையில் பெரும்பாலும் அது வராது.

வளர்ந்த பாம்பில் இவ்வளவாவது சொல்லலாம், குட்டியில் சொல்வது ரொம்ப ஆபத்து. நானே ஒருமுறை முட்டையிலிருந்து வந்த சாம்பல் குட்டியை அனெரி என்று பெட்டியில் எழுதி ஒருவருக்குக் கொடுத்தேன். ஒரு வருடம் கழித்துப் படம் அனுப்பினார், உடம்பு முழுக்க மஞ்சள் ஏறி நிற்கிறது, கேரமல்! கேரமல் குட்டிகள் பிறக்கும்போது அனெரி மாதிரியேதான் இருக்கும், மஞ்சள் பிறகுதான் வரும். மன்னிப்புக் கேட்டேன், அவருக்கு என்னவோ சந்தோஷம்தான்.

இப்போது உங்கள் பாதிக்குப் பாதிக் கணக்கு. அமெல் ஒரு பக்கம், அனெரி ஒரு பக்கம், ஸ்னோ என்பது இரண்டும் சேர்ந்தது, ஆகவே இரண்டையும் சேர்த்தால் ஸ்னோ. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் பெயின்ட் கலப்பது மாதிரி இது நடக்காது. அமெல், அனெரி இரண்டுமே ஒடுங்கு மரபணுக்கள். பெர்னார்ட் பெக்டெல் என்ற தோல் மருத்துவர் கார்ன் பாம்புகளை இனப்பெருக்கம் செய்து பார்த்து, அமெல் இப்படித்தான் இறங்குகிறது என்று 1962-ல் எழுதிவிட்டார். 2015-ல் ஜெனீவா ஆய்வாளர்கள் அது ஓசிஏ2 என்ற மரபணுவில் ஏற்பட்ட கோளாறு என்றே கண்டுபிடித்தார்கள், மனிதர்களுக்கு வரும் ஒருவகை நிறமிக் குறைபாட்டுக்கும் (அல்பினிசம்) இதே மரபணுதான் காரணம். ஒவ்வொரு மரபணுவும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி வருகிறது. இரண்டுமே பழுதானால்தான் பாம்பு அமெலாகத் தெரியும். ஒன்று நல்லதாக இருந்தால் போதும், கறுப்பு வந்துவிடும்.

உங்கள் பெண் எல்லாக் குட்டிகளுக்கும் ஒரு அமெல் பிரதி கொடுக்கும், ஆண் அந்த இடத்துக்கு நல்ல பிரதி கொடுக்கும். அனெரியில் இதுவே தலைகீழ். அதனால் குட்டிகள் அத்தனையும் சாதாரணச் சிவப்பு-கறுப்புப் பாம்புகளாகவே பிறக்கும், ஒன்றுகூட ஸ்னோ இருக்காது. ஆனால் ஒவ்வொன்றும் அமெலையும் அனெரியையும் உள்ளே மறைத்து வைத்திருக்கும். வளர்ப்பவர்கள் பேச்சில் ஹெட் அமெல், ஹெட் அனெரி.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் ஆண் தானே ஹெட் அமெலாக இருந்தால் குட்டிகளில் சுமார் பாதி அமெலாக வரும். பெண் ஹெட் அனெரியாக இருந்தால் பாதி அனெரி. இரண்டும் அப்படி என்றால் கால்வாசி ஸ்னோகூட வரலாம். பாம்பைப் பார்த்து இதைச் சொல்ல யாராலும் முடியாது, பெற்றோர் யார் என்று கொடுத்தவரிடம் கேளுங்கள். உரித்த சட்டையை வாங்கிக் குறிப்பிட்ட சில மரபணுக்களைச் சோதித்துச் சொல்லும் ஆய்வகங்களும் உண்டு. எதுவும் இல்லாவிட்டால் முதல் ஈடு முட்டையே சோதனைதான், பத்துக் குட்டிகள் பிறந்து ஒன்றுகூட அமெல் இல்லை என்றால் ஆண் ஹெட் அமெலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, ஏனென்றால் ஹெட் பாம்பிலிருந்து அப்படிப் பத்தும் தப்பிப் பிறப்பது 1024-ல் ஒரு தடவை நடக்கிற விஷயம்.

அந்தச் சாதாரணக் குட்டிகளை வளர்த்து ஒன்றோடொன்று சேர்த்தால் பதினாறில் ஒன்பது சாதாரணம், மூன்று அமெல், மூன்று அனெரி, ஒன்று ஸ்னோ. புத்தகக் கணக்கு இது. உண்மையில் பதினாறு முட்டை வைத்துவிட்டு ஸ்னோவுக்காகக் காத்திருந்தால், ஒன்றுகூட வராமல் போக 36 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மூன்று நான்கு வருடம் வளர்த்து, உடன்பிறந்தவற்றைச் சேர்த்து, கடைசியில் கையை விரிப்பதற்கா இவ்வளவும்?

நானாக இருந்தால் இந்த ஆணை விட்டுவிட்டு, நல்ல பரம்பரை தெரிந்த ஒரு ஸ்னோ ஆணைத் தேடி உங்கள் பெண்ணோடு சேர்ப்பேன். முதல் தலைமுறை முழுக்க அமெல், எல்லாமே ஹெட் அனெரி. அவற்றில் ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு உறவில்லாத வேறொரு ஸ்னோவோடு சேர்த்தால் குட்டிகளில் பாதி ஸ்னோ, பதினாறில் ஒன்று எங்கே, இது எங்கே. இன்னும் நேராகச் சொன்னால், உங்களுக்கு ஒரு ஸ்னோ பாம்பு வளர்க்க ஆசை என்பது மட்டும்தான் விஷயம் என்றால் ஒரு ஸ்னோவை வாங்கிவிடுங்கள்.

இப்போது அந்தக் கூண்டு. பெண் கார்ன் பாம்பைச் சேர்க்க மூன்று வயது, மூன்று அடி, 300 கிராம் என்றொரு பழைய அளவுகோல் இருக்கிறது, நான் 350 வரும்வரை காத்திருப்பேன். உங்களுடையது 260. சிறிய உடம்பில் பெரிய முட்டை மாட்டிக்கொண்டால் பாம்பு செத்துப்போகலாம், மருத்துவர் அறுத்து எடுக்க வேண்டிய நிலைகூட வரும். ஆண் பக்கத்திலேயே இருந்தால் அது உங்கள் திட்டத்துக்காகக் காத்திருக்காது. ஏற்கெனவே கூடியிருந்தால், பிரித்த பிறகும் பெண் விந்தைச் சேமித்து வைத்து முட்டை இடலாம், அதனால் இன்றிலிருந்தே கவனியுங்கள். உடம்பின் பின்பாதி திரண்டு, சாப்பாட்டை மறுத்து, சூடான மூலையிலேயே படுத்திருந்தால் சினையாக இருக்கலாம். அப்படியிருக்கும்போது ஒரு சட்டை உரித்தால் அதிலிருந்து சுமார் பத்து நாளில் முட்டை வரும். ஈரமான பாசி போட்ட மூடிய டப்பா ஒன்றை அதற்கு முன்பே உள்ளே வைத்துவிடுங்கள். நாள் கணக்கில் முக்கிக்கொண்டே இருந்து முட்டை வரவில்லை என்றால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள், வெந்நீரில் ஊற வைத்துப் பார்க்கிறேன் என்று நாளைக் கடத்த வேண்டாம்.

இன்னொன்று, ஆண், பெண் என்று உங்களுக்குச் சொன்னவர் எப்படிச் சொன்னார்? வால் தடித்து நீண்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொன்னதென்றால் அனுபவசாலி ஒருவரிடம் வால் தொடங்கும் இடத்துத் துவாரத்தில் மெல்லிய கம்பி விட்டுப் பார்க்கச் சொல்லி உறுதி செய்யுங்கள். நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள், உள்ளே கிழிந்துவிடும்.

எடை வந்த பிறகு செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. பலர் குளிர்காலத்தில் இரண்டு வாரம் பட்டினி போட்டு வயிற்றைக் காலியாக்கி, 10 முதல் 15 டிகிரியில் இரண்டு மூன்று மாதம் உறங்க விடுவார்கள். அது இல்லாமலும் முட்டையிட்ட பாம்புகள் நிறைய உண்டு, முதல் தடவைக்கு அதை விட்டுவிடலாம். வசந்தத்தில் சேர்த்தால் ஒன்று ஒன்றரை மாதத்தில் முட்டை. எடுத்ததும் மேல்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அதே பக்கம் மேலே இருக்கும்படி ஈர வெர்மிகுலைட்டில் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) வையுங்கள், கோழி முட்டை மாதிரி திருப்பக் கூடாது. 27 முதல் 29 டிகிரியில் சுமார் 60 நாள்.

மெனக்கெட வேண்டியது அதற்கு அப்புறம்தான். பத்து முதல் இருபது குட்டிகள், ஒவ்வொன்றுக்கும் தனி டப்பா, ஏனென்றால் சில சமயம் ஒன்றை ஒன்று விழுங்கும். முதல் சட்டை உரித்த பிறகு ரோமம் முளைக்காத சுண்டெலிக் குஞ்சு கொடுக்க வேண்டும், அதைத் தொடவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒன்றிரண்டு ஒவ்வொரு ஈட்டிலும் இருக்கும், குஞ்சைக் கழுவிக் கொடுப்பது, பல்லி வாசம் ஏற்றிக் கொடுப்பது என்று வாரக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டி வரும். சாதாரண நிறக் குட்டிகள் பதினைந்தை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று பெயரோடு எழுத முடியாவிட்டால் இந்த ஜோடியைச் சேர்க்க வேண்டாம். உங்கள் ஊர்ச் சட்டம் இதற்கு அனுமதி கேட்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியே குட்டிகள் பிறந்து கைமாறினால் டப்பாவில் 'நார்மல், ஹெட் அமெல், ஹெட் அனெரி. தாய் அமெல், தந்தை அனெரி' என்று எழுதி முட்டை பொரிந்த தேதியையும் போட்டுக் கொடுங்கள். ஆணின் அடுத்த படத்தை அது சட்டை உரித்த பிறகு எடுத்து அனுப்புங்கள், வயிறு தெரிகிற மாதிரி.