அம்மாவை நல்ல இலக்கியத்தின் பக்கம் திருப்புவது எப்படி?

கேள்வி: என் அம்மா பல வருடங்களாக ரமணிசந்திரன் எழுதும் குடும்பக் காதல் நாவல்கள் மட்டுமே படிக்கிறார். அவரை நல்ல இலக்கியத்தின் பக்கம் திருப்புவது எப்படி? உங்களை உருவாக்கிய புத்தகங்கள் எவை?

முதல் கேள்விக்குப் பதில்: திருப்ப வேண்டாம். அவர் என்ன, ராங் ரூட்டில் வந்த ஆட்டோவா?

கோபமாக ஆரம்பித்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், சமீபத்தில்தான் நாலு நல்ல புத்தகம் படித்து மனசு நிறைந்திருக்கிறது, அந்தச் சந்தோஷத்தை வீட்டில் பகிர ஆளில்லை என்று ஊகிக்கிறேன். நல்ல எண்ணம்தான். ஆனால் உங்கள் அம்மா இடத்தில் நான் இருந்திருக்கிறேன். அதனால் இரண்டாவது கேள்வி வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும்.

நான் வளர்ந்தது திருவல்லிக்கேணியில் ஓர் ஒண்டுக்குடித்தன வீட்டில். பாட்டியிடம் பைண்டு செய்த தொடர்கதைகள் இருந்தன. 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் பொன்னியின் செல்வன் வந்தபோது வாராவாரம் பக்கங்களைக் கிழித்து, ஊசி நூலால் கோத்து, ஒரு பாகம் சேர்ந்ததும் பைண்டரிடம் கொடுத்து வாங்குவாராம். மணியம் வரைந்த படங்களோடு இருந்த அந்தத் தொகுதிகள்தான் என் முதல் புத்தகங்கள். கதை முடிந்த இடத்தில் ஏதோ தைல விளம்பரம் இருக்கும். ஒரு சிரிப்புத் துணுக்கின் முதல் பாதி இருக்கும், மறு பாதி கிழிபடாத பக்கத்தோடு போயிருக்கும். நடுவில் சில வாரங்களே கிடையாது. யாரோ இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை என்று பாட்டி சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். (யார் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.) நந்தினி ஏதோ திட்டம் போட்டுக்கொண்டிருப்பாள், பக்கத்தைப் புரட்டினால் வந்தியத்தேவன் வேறு எங்கோ குதிரையில் போய்க்கொண்டிருப்பான். இடைவெளியை நானே கட்டி, ராத்திரி மொட்டை மாடியில் தங்கைக்குச் சொல்வேன். பிற்பாடு முழுப் பதிப்பு வாங்கிப் படித்தபோது கொஞ்சம் ஏமாற்றம்தான். என் நந்தினி இன்னும் பொல்லாதவள்.

அம்மா ஜெயகாந்தன் கட்சி. அக்கினிப் பிரவேசம் ஆனந்த விகடனில் 1966இல் வந்தது, நான் பிறப்பதற்கு முன்னால். மழையில் காரில் ஏற்றிக்கொண்டவனிடம் கெட்டுப்போய் வீடு திரும்பும் பெண்ணை, அவள் அம்மா தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லும் கதை. அன்றைக்கு ஊரே அதைப் பற்றிச் சண்டை போட்டதாம். அந்தப் பக்கங்கள் அம்மாவின் பீரோவில் புடவைக்கு அடியில் இருந்தன. நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் எடுத்துக் கொடுத்தாள். படித்துவிட்டு, "எந்த அம்மாடீ இப்படிச் செய்வா?" என்று கேட்டேன். "ஒருத்தியும் செய்ய மாட்டா. அதுக்குத்தான் எழுதியிருக்கான்" என்றாள். அப்புறம் சில நேரங்களில் சில மனிதர்கள் நாவலையும் கையில் கொடுத்தாள். அதே கதையை எடுத்துக்கொண்டு, நிஜத்தில் அம்மா கத்தி ஊரைக் கூட்டிவிடுகிறாள், அண்ணன் வீட்டை விட்டே துரத்துகிறான் என்று ஜெயகாந்தனே மாற்றி எழுதிய நாவல். அதற்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அம்மாவுக்கு விருதெல்லாம் தெரியாது. "முதல்ல எழுதினது ஆசை, ரெண்டாவது எழுதினது நம்ம வீடு" என்று மட்டும் சொன்னாள். அவள் பத்தாவதைத் தாண்டாதவள். ஜோக்கும் ஜோசியமும் வரும் வாரப் பத்திரிகையைத்தான் வாழ்நாளெல்லாம் படித்தாள். ஜெயகாந்தனும் அதில்தானே வந்தார்?

என்னை வேலைக்கு அனுப்பியது எழுத்தாளர் லட்சுமி. டாக்டர் திரிபுரசுந்தரி என்று சொன்னால்தான் சிலருக்கு மரியாதை வரும். மருத்துவப் படிப்புச் செலவுக்காக விகடனில் கதை எழுத ஆரம்பித்தவர். குடும்பக் கதைதான், அழுகைதான், மாமியார்தான். ஆனால் சொந்தக் காலில் நிற்கும் பெண்களை அந்தக் கதைகளில்தான் முதலில் பார்த்தேன். கல்யாணப் பேச்சு வந்தபோது "வேலையை விடமாட்டேன்" என்று அப்பாவிடம் சொன்னேன். அந்தத் துணிவு எந்தப் பெண்ணியக் கட்டுரையிலிருந்தும் வரவில்லை, அப்போது அப்படிக் கட்டுரை இருந்ததே தெரியாது. லட்சுமிக்கும் 1984இல் சாகித்திய அகாதெமி கிடைத்தது. இதைச் சொன்னால் இலக்கியக் கூட்டங்களில் லேசாக ஒரு புன்னகை வரும், பாருங்கள், அதற்கு விலையே இல்லை.

கல்யாணமாகி மேற்கு மாம்பலம். வேலை பாரிமுனையில். மாம்பலத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயில், பெண்கள் பெட்டி. அங்கேதான் ரமணிசந்திரன் அறிமுகம். ஒருத்தி வாங்குவாள், பெட்டியே படிக்கும். எழும்பூர் தாண்டுவதற்குள் அத்தியாயம் முடித்துப் பக்கத்தில் தள்ள வேண்டும். அதே கைப்பையில் நூலகத்தில் எடுத்த அசோகமித்திரனின் தண்ணீர் நாவலும் இருந்தது. ரெண்டையும் ஒரே தட்டில் வைக்கிறாயா என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: வைக்கவில்லை. ஒரே பையில் வைத்திருந்தேன்.

நூலகம் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, பிடிக்காவிட்டால் தாண்டிப் போங்கள். சுதந்திர இந்தியாவில் பொது நூலகத்துக்கு முதலில் சட்டம் போட்டது நம் மாகாணம், 1948இல். இன்றைக்கும் சொத்து வரியோடு அதில் பத்து சதவீதம் நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம். அரையாண்டு தவறாமல் கட்டுகிறேன். ஆனால் நான் போகும் கிளை நூலகம், வேலைக்குப் போகிற எவளும் போக முடியாத நேரத்தில் திறந்து, நாங்கள் ரயிலில் நசுங்கிக்கொண்டிருக்கும்போது பூட்டப்படும். ஞாயிற்றுக்கிழமை போனால் மின்விசிறிக்கு அடியில் இருக்கிற நாற்காலிகளில் பேப்பர் படிக்கும் பெரியவர்கள். அவர்களும் பாவம், வீட்டில் இடமிருக்காது. ஆனாலும் எங்கள் நாற்காலி எங்கே? அடுக்கில் நாலாம் பாகம் இருக்கும், மூன்றாம் பாகம் இருக்காது. பாட்டி காலத்து வியாதி வரி கட்டியும் தீரவில்லை.

சரி, தண்ணீர். 1973இல் வந்த நாவல். சென்னையில் ஒரு வாடகை வீட்டில் ஜமுனா, சாயா என்று அக்கா தங்கை, தெருவெல்லாம் குடம். முதல் முறை படித்தபோது ஜமுனாவை ஏமாற்றும் சினிமா ஆள் பின்னால்தான் என் மனசு போனது, அவனுக்கு ஏதாவது தண்டனை கிடைக்காதா என்று. கிடைக்காது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்போது மறுபடி எடுத்தேன். லாரி எப்போது வரும் என்று தெரியாமல் வரிசையில் குடத்தை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு டியூப்லைட் வெளிச்சத்தில் படித்தேன். இந்த முறை நாவலில் வரும் டீச்சரம்மாதான் எனக்குக் கதாநாயகி. தன் கல்யாணத்தைப் பற்றி அவள் ஜமுனாவிடம் பேசுகிற இடம் முன்பு எப்படிக் கண்ணில் படாமல் போனதோ. அழுகையே இல்லாமல், கடைக்குப் போய் வந்த கதை மாதிரிச் சொல்லிவிட்டுப் போவாள். அந்த வாரம் வரிசையில் நின்ற பெண்களும் தங்கள் கதையை அப்படித்தான் சொன்னார்கள்.

பார்த்தீர்களா, கடைசியில் இலக்கியத்துக்கு வந்து சேர்ந்துவிட்டாள் என்று நினைப்பீர்கள். இல்லை. அதற்கப்புறம்தான் என் கணவர் மருத்துவமனையில் கிடந்தார். இரவெல்லாம் வார்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி. கையில் அசோகமித்திரன் சிறுகதைகள் இருந்தது, ஒரு பக்கம் ஓடவில்லை. அவர் கதையில் யாருக்கும் எதுவும் சரியாகிவிடாது, அவரவர் அப்படியே தொடர்ந்து போவார்கள். அது உண்மைதான், அந்த வராந்தாவில் அந்த உண்மை எனக்கு வேண்டியிருக்கவில்லை. பக்கத்து பெட் நோயாளியின் மகள் ஒரு ரமணிசந்திரன் கொடுத்தாள். கடைசிப் பக்கத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று தெரிந்து படிப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. அந்தப் பணக்கார நாயகன் பெண்ணை அதட்டுவது எனக்கும் பிடிக்காது, பத்து நாவலில் எட்டில் அவன் ஒரே ஆள்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் விடிகிற வரைக்கும் அவன்தான் துணைக்கு இருந்தான். கணவர் நலமாக வீட்டுக்கு வந்துவிட்டார்.

இதையெல்லாம் ஒரு வாசகர் வட்டத்தில் சுருக்கமாகச் சொன்னேன். ஒரு தம்பி, "அதெல்லாம் படிக்கிறதுன்னு கணக்கா மேடம்?" என்றார். "உங்க அம்மா என்னப்பா படிப்பாங்க?" என்று கேட்டேன். "அவங்களுக்கு எங்க மேடம் நேரம்" என்றார்.

உங்கள் அம்மாவுக்கு நேரம் இருக்கிறது, அல்லது நேரத்தைப் பிடுங்கி எடுத்துக்கொள்கிறார். அவருக்கு ரொம்பப் பிடித்த நாவல் எது, ஏன் என்று கேளுங்கள். அதைப் படித்துவிட்டு அப்புறம் சண்டை போடுங்கள். அவருக்கும் சண்டை போட ஆசையாக இருக்கலாம். ஏதாவது கொடுத்தே தீர வேண்டும் என்றால் ராஜம் கிருஷ்ணன் கொடுக்கலாம். கரிப்பு மணிகள், தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்பவர்களைப் பற்றியது, நேரில் போய்ப் பார்த்து எழுதியது. கதை ஓட்டமும் இருக்கும். கொடுக்கும்போது பிரசங்கம் வேண்டாம், டைனிங் டேபிளில் வைத்துவிட்டுப் போங்கள்.

வாங்கும்போது எழுத்து அளவைப் பாருங்கள். மலிவுப் பதிப்புகளில் பக்கத்தைக் குறைக்கப் பொடி எழுத்தாகப் போட்டுவிடுகிறார்கள். மாத நாவல்களையே சிலர் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம், என் ரயில் சிநேகிதிகளே சொன்னது. அம்மாவைக் கடைசியாகக் கண் டாக்டரிடம் எப்போது கூட்டிப் போனீர்கள்?