கண்ணில் வீக்கமே இல்லாதபோது, கண்புரை அறுவைக்கு முன் வீக்கத்தைக் குறைக்கும் சொட்டு மருந்து எதற்கு?

அம்மாவின் கண்ணில் சிவப்பும் இல்லை, வலியும் இல்லை, பிறகு ஃப்ளர்பிப்ரோஃபென் என்ற அந்தச் சொட்டு ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். கண் அறுவை அரங்கில் செவிலியராக இருக்கிறேன். உறவினர்கள் அடிக்கடி கேட்பதும் இதையேதான். அறுவையின்போது கண் என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் போடுகிற மருந்து அது.

புரை விழுந்த லென்ஸ், ஐரிஸுக்கு, அதாவது கண்பாவையைச் சுற்றியுள்ள நிற வளையத்துக்கு, பின்னால் இருக்கிறது. கண்பாவை வழியாகத்தான் அதை எட்ட முடியும். லென்ஸின் முன்னுறையை ஏறக்குறைய 5 மி.மீ. அகலத்துக்கு வட்டமாகத் திறக்க வேண்டும். பாவை அதைவிடப் பெரிதாக விரிந்திருந்தால் மருத்துவருக்கு விளிம்பு தெளிவாகத் தெரியும். டிராபிகாமைடு, ஃபினைலெஃப்ரின் என்ற சொட்டுகள் பாவையை விரித்துக் கொடுத்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். கருவி ஐரிஸில் உரசினால் அந்தத் திசுவில் புரோஸ்டாகிளாண்டின் என்ற, வீக்கத்தைத் தூண்டும் வேதிப்பொருள் உண்டாகிறது. பாவையைச் சுருக்கும் தசையை அது நேரடியாகவே இறுக்கும். டிராபிகாமைடு மறிப்பது நரம்பு வழியாக வரும் கட்டளையை. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான். பாதி அறுவையில் பாவை சுருங்கினால் லென்ஸின் பின்னுறை கிழியும் ஆபத்து கூடுகிறது.

ஃப்ளர்பிப்ரோஃபென், கீட்டோரோலாக், நெபாஃபெனாக் போன்றவை புரோஸ்டாகிளாண்டினை உருவாக்கும் நொதியைத் தடுக்கின்றன. இவை தாமாகப் பாவையை விரிப்பதில்லை, விரிந்த பாவை சுருங்காமல் பார்த்துக்கொள்கின்றன. புரோஸ்டாகிளாண்டின் உண்டான பிறகு ஊற்றிப் பெரிய பயன் இல்லை. அதனால்தான் ஃப்ளர்பிப்ரோஃபென் 0.03% சொட்டை அறுவைக்கு 2 மணி நேரம் முன்பே தொடங்கி, அரை மணிக்கு ஒன்றாக 4 சொட்டு விடுவது வழக்கம். “இப்போதுதானே ஊற்றினீர்கள், மறுபடியுமா?” என்று முகம் சுளிப்பவர்களுக்கு நான் சொல்லும் பதிலும் இதுதான். இதே வகை மருந்தை அறுவைக்குப் பிறகும் சில வாரங்கள் எழுதிக்கொடுப்பார்கள். அது விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோப்பதைத் தடுக்க.

இந்தச் சொட்டு எல்லாக் கண்ணையும் காப்பாற்றிவிடாது. சர்க்கரை நோய் நெடுநாள் இருப்பவர்களுக்குப் பாவை தொடக்கத்திலேயே சரியாக விரியாமல் போகலாம். புராஸ்டேட் தொல்லைக்கு டாம்சுலோசின் சாப்பிடும் ஆண்களுக்கோ ஐரிஸ் துவண்டு அலையலாம். டாம்சுலோசினுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 2005-இல்தான் மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டது. மாத்திரையைச் சில நாள் நிறுத்தினாலும் நிச்சயமான பலன் இல்லை; கொக்கியோ வளையமோ வைத்துப் பாவையை விரித்துப் பிடிக்க வேண்டியிருக்கும். நாளைக்கு அப்பாவுக்கும் அறுவை என்றால், அவர் எப்போதோ சாப்பிட்டு நிறுத்திய மாத்திரையைக்கூட மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்கு ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ சாப்பிட்டு மூச்சிரைப்பு வந்ததுண்டா? வந்திருந்தால் முதல் சொட்டு விழுவதற்கு முன்பே செவிலியரிடம் சொல்ல வேண்டும். இந்தச் சொட்டுகளும் அந்தக் குடும்பத்து மருந்துகளே.